கிளம்பியாச்சு என்பதை ஆங்கிலத்தில் சொல்ல: ‘செட் ஆஃப்’

‘ஐ ஸ்டார்ட்டட் ஃப்ரம் ஹோம் அட் சிக்ஸ்.’ வீட்டிலிருந்து ஆறு மணிக்குக் கிளம்பினேன் என்பதை நம்மில் பலர் இப்படித்தான் சொல்கிறோம். நம்மூரில் எல்லோருக்கும் புரியும். ஆனால் ‘ஐ ஹேவ் ஸ்டார்ட்டட்’ என்று மட்டும் சொன்னால், எந்த வேலையை ஆரம்பித்தீர்கள் என்று பிரிட்டன்காரர் கேட்பார். அந்த இடத்துக்கு உரிய வினை ‘செட் ஆஃப்’. பேசும்போது அழுத்தம் ‘ஆஃப்’ மேல் விழ வேண்டும்.

ஒன்றைக் கவனியுங்கள். தமிழில் தலை வாரிக்கொண்டிருக்கும்போதே ‘கிளம்பிட்டிருக்கேன்’ என்போம். அதற்கு ஆங்கிலத்தில் ‘ஐ ஆம் கெட்டிங் ரெடி’. வாசலைத் தாண்டிய பிறகுதான் ‘ஐ ஹேவ் செட் ஆஃப்’. ‘வி ஆர் செட்டிங் ஆஃப் அட் சிக்ஸ் டுமாரோ’ என்றால் நாளை ஆறு மணிக்குக் கிளம்பும் திட்டம்.

இறந்தகாலத்திலும் ‘செட்’ மாறாது. ‘செட்டட்’ என்ற சொல்லே கிடையாது. அதனால் ‘ஹி செட்ஸ் ஆஃப் அட் ஃபைவ்’ என்றால் வழக்கமாகக் கிளம்புகிறார். அந்த ‘ஸ்’ஸை விழுங்கினால் கிளம்பினார் என்றாகிவிடும். ‘வி’, ‘தே’ வந்தால் இந்த அடையாளமும் இல்லை. ‘யெஸ்டர்டே’, ‘யூஷுவலி’ என்று காலம் காட்டும் சொல்லைச் சேர்த்துவிடுங்கள்.

அதிகம் சறுக்குவது இடப்பெயரில்தான். போகும் ஊருக்கு ‘ஃபார்’, விட்டுக் கிளம்பும் ஊருக்கு ‘ஃப்ரம்’: ‘வி செட் ஆஃப் ஃப்ரம் சென்னை’, ‘வி செட் ஆஃப் ஃபார் மதுரை’. ‘ஃப்ரம்’ இல்லாமல் ‘செட் ஆஃப் சென்னை’ என்பது தவறு. இந்த வினைக்குப் பின்னால் நேராக ஒரு பெயர் வந்தால் பொருளே வேறு: ‘செட் ஆஃப் எ கிராக்கர்’ என்றால் பட்டாசு வெடிப்பது, ‘மை பெல்ட் செட் ஆஃப் தி அலாரம்’ என்றால் விமான நிலையச் சோதனையில் பெல்ட் பட்டதும் அலாரம் அலறியது.

‘லீவ்’ அப்படியல்ல, ஊர்ப்பெயரை நேராக ஏற்கும். ஆனால் ‘லீவ் சென்னை’ சென்னையை விட்டுப் போவது, ‘லீவ் ஃபார் சென்னை’ சென்னைக்குப் போவது. ஒரு ‘ஃபார்’ விட்டுப்போனால் பயணமே திசை மாறிவிடும்.

நீண்ட பயணத்துக்கு ‘செட் அவுட்’டும் பொருந்தும், ஒரு நோக்கத்தோடு இறங்குவதற்கு அது மட்டுமே: ‘ஷி செட் அவுட் டு லேர்ன் ஜெர்மன்’. விமானம் தரையை விட்டு எழும்புவதற்கு ‘டேக் ஆஃப்’.

ஊருக்குப் போகிறவரை ஸ்டேஷன்வரை சென்று வழியனுப்புவது ‘ஸீ ஆஃப்’. ‘ஹெர்’, ‘ஹிம்’ நடுவில்தான் உட்காரும்: ‘வி வென்ட் டு ஸீ ஹெர் ஆஃப்’. இங்கே ‘செண்ட் ஆஃப்’ வேண்டாம். அது பெயர்ச்சொல்லாக, ஓய்வு பெறுகிறவருக்கு அலுவலகத்தில் நடக்கும் பிரிவு உபசாரத்துக்கு உரியது.