‘வயசாச்சுல்ல’ என்று விட்டுவிடுகிறோமே, அதுதான் முதல் தவறு

“அப்பத்தா, மாத்திரை போட்டியளா?” என்று போனில் கேட்டேன். “மாத்தூரா? நான் எங்கப்பா போனேன்?” என்றார்கள். அன்றைக்கே வீட்டில் பேச்சு கிளம்பிவிட்டது: அப்பத்தாவுக்குப் புத்தி தடுமாறுகிறது.

தடுமாறியது காது. காரைக்குடியில் டாக்டர் பார்த்தபோது ஒரு காதில் அழுக்குக் கெட்டிப்பட்டுக் கிடந்தது. அதை எடுத்த பிறகும் இரண்டிலும் கேட்கும் திறன் குறைவுதான்.

காது மந்தத்தை நாம் கேலியாகவே பார்த்துப் பழகிவிட்டோம். லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024இல், மறதி நோய்க்கு (டிமென்ஷியா) வழிவிடும், திருத்திக்கொள்ளக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டது. எல்லாவற்றையும் சரிசெய்தால் உலகில் ஏறத்தாழ 45 சதவீத மறதி நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அவர்கள் கணக்கு. அதில் காதுக் குறைவும் கெட்ட கொழுப்பும்தான் முதலிடத்தில், தலா 7 சதவீதம். பாதி காதில் விழும் சொல்லை ஊகிப்பதிலேயே மூளை களைத்துவிடுகிறது. பிறகு காது மந்தமானவர்கள் பேச்சையே குறைத்துக்கொள்கிறார்கள்.

காது மெஷினை வாங்கி, முதல் நாளே கல்யாண வீட்டுக்குப் போட்டுக்கொண்டு போகச் சொல்லாதீர்கள். வளவில் (வீட்டு முற்றத்தில்) ஐம்பது பேர் பேசும் இரைச்சலில் யாருக்கும் வெறுத்துப்போகும். மெஷின் அலமாரிக்குப் போய்விடும். வீட்டில் ஒருவரோடு, தினம் கொஞ்ச நேரம் என்று பழக்குங்கள். எங்கள் அப்பத்தாவுக்குச் சில வாரம் பிடித்தது. இப்போது போனில் “கத்தாதப்பா, கேக்குது” என்கிறார்கள்.

பிள்ளைகள் சிங்கப்பூரிலும் சென்னையிலும் இருக்க, முகப்பிலிருந்து இரண்டாங்கட்டு வரை நீளும் செட்டிநாட்டு வீடுகளில் ஒற்றை ஆளாக ஆச்சிகள். கேமரா வைத்திருக்கிறோம் என்பார்கள். கேமரா பேசுமா? ஊருக்கு வந்தாலும் “நீங்க சும்மா உக்காருங்க ஆச்சி” என்று கையிலிருக்கும் வேலையைப் பிடுங்குகிறோம். வெள்ளைப் பணியாரத்துக்கு அரிசியும் உளுந்தும் எவ்வளவு என்று அவர்களிடமே கேளுங்கள். கண் புரை இருந்தால் ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீர்கள். பார்வைக் குறைவும் லான்செட் பட்டியலில் உண்டு.

தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் அழகுதான். ஈரக் காலுக்கு எமன். விழுந்து தலையில் அடிபட்டால், காயம் இல்லை என்று விடக்கூடாது. உள்ளே கசியும் ரத்தம் சில வாரம் கழித்துக்கூடக் குழப்பமாகத் தலைகாட்டும்.

பிரஷர், சுகர், புகை பற்றி எல்லோருக்கும் தெரியும். தெரியாதது மாத்திரைப் பெட்டி. சளிக்குக் கடையில் கேட்டு வாங்கும் சிபிஎம் (குளோர்ஃபெனிரமைன்) மாத்திரை, பழைய சீட்டைக் காட்டி வாங்கும் தூக்க மாத்திரை இரண்டுமே வயதானவர்களை மந்தமாக்கும். சுகருக்கு மெட்ஃபார்மின் பல வருடம் சாப்பிட்டால் பி12 சத்து குறையலாம். அதையும் தைராய்டையும் ரத்தத்தில் பார்த்துவிடுங்கள். அவற்றால் வரும் மறதிக்கு மருந்து இருக்கிறது.

நேற்றுவரை தெளிவாக இருந்தவர் இன்று திடீரென்று உளறினால் அது முதுமை மறதி இல்லை. சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம், சுகர் இறங்கியிருக்கலாம், பக்கவாதமாகவும் இருக்கலாம். உடனே ஆஸ்பத்திரி. ராகு காலம் கழியட்டும் என்று காத்திருக்கிற வேலை வேண்டாம்.