கடலுக்குள் ஒலி போடும் நீள்வட்டம்: வெக்டர் சென்சாருக்கு முதல் பாடம்

தளவிளைவு (போலரைசேஷன்) குறுக்கலைக்குத்தான் உண்டு, ஒலி நெட்டலை என்பதால் அதற்குக் கிடையாது என்று பிளஸ் டூ இயற்பியலில் படித்திருப்போம். ஒரே அலை தனியாகப் போகும்வரை அது சரிதான். ஆனால் காசிமேட்டுக்கு வெளியே கடலில் தனி அலை எங்கே இருக்கிறது? விசைப்படகின் என்ஜின் சத்தம் நேராகவும் வரும், நீர்மட்டத்தில் பட்டுத் திரும்பியும் வரும், தரையில் மோதியும் வரும். இவை ஒன்றுசேரும் இடத்தில் தண்ணீர்த் துகள் முன்னும் பின்னும் மட்டும் ஆடாமல் நீள்வட்டம் போடும். அதன் வடிவமும் சுழலும் திசையும்தான் இங்கே போலரைசேஷன்.

தண்ணீருக்கடி மைக்கான சாதாரண ஹைட்ரோஃபோனில் இது தெரியாது. அது அளப்பது அழுத்தத்தை. அழுத்தத்துக்குத் திசை இல்லை. வெக்டர் சென்சார் அழுத்தத்தோடு துகள் வேகத்தையும் மூன்று அச்சிலும் அளக்கும். மீன்களும் காதுக்கல்லை வைத்துத் துகள் அசைவைத்தான் உணர்கின்றன. நமக்குத்தான் இது புதுசு.

படி 1: முதலில் எக்செல்

கருவிக்குக் காசு போடும் முன் இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள். அதிர்வெண் 100 ஹெர்ட்ஸ். நம் பக்கத்து வெதுவெதுப்பான கடல்நீரில் ஒலிவேகம் வினாடிக்குச் சுமார் 1,540 மீட்டர். அலைநீளம் 15.4 மீட்டர். ஒலி கிடைமட்டத்துக்கு 30 டிகிரி சாய்வில் கீழேயிருந்து ஏறி வந்து நீர்மட்டத்தில் பட்டுத் திரும்புகிறது. தரையை இப்போதைக்கு விட்டுவிடுவோம்.

360ஐ அலைநீளத்தால் வகுத்து, ஆழத்தாலும் சைன் 30ஆலும் பெருக்கினால் ஒரு கோணம் டிகிரியில் கிடைக்கும். அந்தக் கோணத்தின் சைனைக் காஸ் 30ஆல் பெருக்கினால் கிடைவேகம். அதன் காஸைச் சைன் 30ஆல் பெருக்கினால் செங்குத்து வேகம். இரண்டுக்கும் இடையே கால் சுற்றுக் கட்ட வேறுபாடு எப்போதும் இருக்கும்.

இப்போது ஆழத்தை மாற்றிப் பாருங்கள். நீர்மட்டத்தில் கிடைவேகம் பூஜ்யம், அழுத்தமும் பூஜ்யம். துகள் மேலும் கீழும் மட்டும் ஆடும். ஹைட்ரோஃபோன் ஊமையாக இருக்கும் அதே இடத்தில் செங்குத்து அச்சுக்கு நல்ல தீனி! 2.57 மீட்டரில் இரண்டு வேகமும் சமமாகி வட்டம் வரும். 7.7 மீட்டரில் வெறும் கிடைக்கோடு. அதையும் தாண்டினால் மறுபடி நீள்வட்டம்தான், ஆனால் எதிர்ப்பக்கமாகச் சுற்றும். இந்தத் திசைமாற்றம் மனதில் பதிந்தால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி.

படி 2: எந்த சென்சார்?

தனி அலையில் 1 பாஸ்கல் அழுத்தம் என்றால், 100 ஹெர்ட்ஸில் துகள் நகர்வது சுமார் 1 நானோமீட்டர். முடுக்கம் புவியீர்ப்பில் ஏறக்குறைய 25,000இல் ஒரு பங்கு. செல்போனில் இருக்கும் முடுக்கமானியின் சொந்த இரைச்சலே இதை விழுங்கிவிடும், அதனால் அந்த ஆசை வேண்டாம். நல்ல பீசோ முடுக்கமானிகளை ஒரு சின்ன உருண்டைக்குள் வைப்பதுதான் வழக்கமான முறை. உருண்டையின் அடர்த்தி தண்ணீர் அளவே இருந்தால் அது தண்ணீரோடு சேர்ந்து அப்படியே ஆடும். இரண்டு மடங்கு கனமானால் 60 சதவீதம்தான் ஆடும்.

படி 3: இறக்குவது

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலம் நல்ல வாய்ப்பு. விசைப்படகுகள் கரையில் நிற்பதால் ஒரே ஒரு ஃபைபர் படகின் சத்தத்தைத் தனியாகப் பிடிக்கலாம். எண்ணூர்ப் பக்கம் போனால் துறைமுக எல்லை வந்துவிடும். அனுமதி வாங்காமல் எதையும் இறக்காதீர்கள்.

உருண்டையைப் படகில் நேராகக் கட்டக்கூடாது. சட்டத்துக்குள் மெல்லிய ரப்பர் நாடாக்களில் தொங்கவிடுங்கள், சுற்றி நீரோட்ட இரைச்சலைத் தடுக்கத் துணியுறை. கூடவே திசைகாட்டியும் சாய்வுமானியும் வேண்டும். நான்கு சேனலும் (அழுத்தம் ஒன்று, அச்சுகள் மூன்று) ஒரே நேரத்தில் பதிவாக வேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். 1 மில்லிவினாடி தள்ளிப்போனாலே 100 ஹெர்ட்ஸில் 36 டிகிரி கட்டப்பிழை, வட்டம் கோணிக்கொள்ளும்.

படி 4: பதிவைப் படிப்பது

முடுக்கமானி தருவது முடுக்கம், அதைத் தொகையிட்டு முதலில் வேகமாக்குங்கள். பிறகு அழுத்தத்தைக் கிடை அச்சுகள் இரண்டின் வேகத்தோடும் தனித்தனியே பெருக்கிச் சராசரி எடுங்கள். ஒலி எந்தப் பக்கம் போகிறது என்று தெரியும். அந்தத் திசைக்கு அச்சைத் திருப்பி, குறுகிய அலைவரிசையை வடிகட்டி, கிடைவேகத்துக்கு எதிராகச் செங்குத்து வேகத்தை வரையுங்கள். நீள்வட்டம் தெரியும்.

அப்புறம் நீள்வட்டத்தின் வடிவத்தையும் சுழற்சியையும் எண்ணாகச் சொல்லும் ஸ்டோக்ஸ் அளவுருக்கள் நான்கு. ஒளிக்குப் போடும் அதே கணக்கு, பைத்தானில் சில வரிதான். முதல் எண் மொத்த ஆற்றல். கடைசி எண்ணின் குறி சுழலும் திசை. பின்னால் வரும் மூன்றின் வர்க்கங்களைக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, முதல் எண்ணால் வகுத்து வருவது 1ஐ ஒட்டியிருந்தால் ஒரே மூலத்தின் ஒலி என்று நம்பலாம். பூஜ்யத்தை ஒட்டினால் பல கப்பல்கள் கலந்த கூச்சல். அந்தத் துண்டைத் தூக்கிப்போடுங்கள்.

படி 1இன் கணக்குப்படி நீள்வட்டத்தின் அச்சுகள் நேராகத்தான் நிற்கும். உங்கள் படத்தில் சாய்ந்திருந்தால் முதலில் சாய்வுமானியைப் பாருங்கள். அது சரியாக இருந்தால், நாம் விட்டுவைத்த தரையைக் கணக்கில் சேர்க்கும் நேரம் வந்துவிட்டது.