ஜீவனாம்ச வழக்கில் தொகை குறைவது எங்கே? மனு போடுமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை

குடும்ப நல நீதிமன்றத்துக்கு வரும் ஜீவனாம்ச மனுக்கள் பலவற்றில் சண்டைக் கதை பத்துப் பக்கம் ஓடும். மாதச் செலவு எவ்வளவு என்பதற்கு ஒரு வரிதான் இருக்கும். மாமியார் பேசிய பேச்சு, சீர்வரிசைத் தகராறு எல்லாம் விவாகரத்து வழக்குக்கு உதவலாம். தொகையை முடிவு செய்ய உட்காரும் நீதிபதிக்கு வேண்டியது கணக்கு: கேட்பவருக்கு எவ்வளவு தேவை, அவருக்கென்று என்ன வருமானம், கொடுக்க வேண்டியவரால் எவ்வளவு முடியும், சேர்ந்து வாழ்ந்தபோது குடும்பம் எந்த வசதியில் இருந்தது.

அந்தக் கணக்கைச் சொல்ல வேண்டிய இடம் பிரமாணப் பத்திரம். 2020 நவம்பர் 4 அன்று ‘ரஜ்னேஷ் எதிர் நேஹா’ வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைக் கட்டாயமாக்கியது. கணவன், மனைவி இருவருமே சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் எழுதித் தாக்கல் செய்ய வேண்டும். எதிர்த் தரப்புக்கு அதிகபட்சம் நான்கு வாரம் கிடைக்கும். இரண்டு வாய்ப்புக்கு மேலும் இழுத்தடித்தால் அவருடைய எதிர்வாதத்தையே நீதிமன்றம் நீக்கலாம். விவசாயக் குடும்பங்களுக்குத் தனிப் படிவம் உண்டு. அதைக் கேட்டு வாங்காமல் சம்பளக்காரர் படிவத்தில் ‘இல்லை, இல்லை’ என்று எழுதிக் கொடுத்தால் நிலமும் விளைச்சலும் கறவை மாடும் கணக்கிலேயே வராது.

செலவுப் பகுதியில்தான் அதிகம் கோட்டை விடுகிறார்கள். ‘குடும்பச் செலவு மாதம் 30,000’ என்று மொத்தமாக எழுதினால் எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணையில் அதை ஐந்து நிமிடத்தில் உடைத்துவிடுவார். உதாரணத்துக்கு, வாடகை 8,500 என்றால் வாடகை ஒப்பந்தமோ ஜி-பே ரசீதோ கூட இருக்கட்டும். கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு 1,240 வந்தால் மாதக் கணக்கில் 620. ஸ்கூல் ஃபீஸ் டேர்முக்கு 14,000, மூன்று டேர்ம் என்றால் வருடத்துக்கு 42,000, மாதத்துக்கு 3,500. பலர் மாதாமாதம் கையை விட்டுப் போகும் பணத்தை மட்டும் எழுதிவிட்டு, ஃபீஸ், யூனிஃபார்ம், ஜூன் மாத நோட்டுப் புத்தகம், பண்டிகைத் துணி இவற்றை மறந்துவிடுகிறார்கள். பிள்ளையின் செலவைத் தனியாகப் பிரித்துக் காட்டுங்கள். பிள்ளையின் ஜீவனாம்சம் தனி உரிமை. மனைவியின் கோரிக்கை நிற்காமல் போனாலும் அது நிற்கும்.

வேலைக்குப் போகும் மனைவி அதை மறைப்பது மிகப் பெரிய தவறு. சம்பளம் வருகிறது என்பதற்காக மட்டும் ஜீவனாம்சம் மறுக்கப்படுவதில்லை. அந்தச் சம்பளத்தில், கணவன் வீட்டில் இருந்த வசதிக்கு ஓரளவு ஒத்த வாழ்க்கை வாழ முடியுமா என்றுதான் பார்ப்பார்கள். ஆனால் ‘வருமானமே இல்லை’ என்று சத்தியம் செய்துவிட்டு, எதிர்த்தரப்பு பி.எஃப். விவரத்தையோ பேங்க் ஸ்டேட்மென்டையோ கொண்டுவந்து நீட்டினால், மனுவில் சொன்ன மற்ற உண்மைகளும் சந்தேகத்துக்கு ஆளாகும். பொய்ப் பிரமாணத்துக்கு வழக்கும் பாயலாம். பட்டப்படிப்பு இருப்பதை மறைக்கவும் அவசியமில்லை. சம்பாதிக்கும் தகுதி வேறு, சம்பாதிப்பது வேறு என்று உச்ச நீதிமன்றம் 2017-லேயே சொல்லிவிட்டது.

கணவன் தரப்பில் வழக்கமான தவறு, கைக்கு வரும் சம்பளத்தை மட்டும் காட்டுவது. உதாரணத்துக்கு, மொத்தச் சம்பளம் 62,000. வரி, பி.எஃப். பிடித்தம் 5,400. சொசைட்டி லோன் 9,000, பர்சனல் லோன் 12,500, ஆர்.டி. 5,000. கைக்கு 30,100. நீதிமன்றம் பொதுவாகக் கணக்கைத் தொடங்குவது 56,600-இல், வரியும் பி.எஃப்.பும்தான் கட்டாயப் பிடித்தம். ஆர்.டி. அவருடைய சேமிப்பு. லோன் அவர் விரும்பி வாங்கியது. வழக்கு வந்தபின் எடுத்த லோன் என்றால் சந்தேகம் இன்னும் கூடும். பெற்றோரின் மருத்துவச் செலவு மாதிரி உண்மையான பொறுப்புகளைப் பில்லோடு காட்டினால் நிச்சயம் கருத்தில் எடுப்பார்கள். நோட்டீஸ் வந்ததும் வேலையை விடுவது பலனே தராது. உடல் நலமுள்ளவர் உழைத்தாவது கொடுக்க வேண்டும் என்பது 2022-லும் உச்ச நீதிமன்றம் திரும்பச் சொன்ன நிலைப்பாடு.

‘சம்பளத்தில் 25 சதவீதம் கிடைத்துவிடும்’ என்று நம்பி வருகிறவர்கள் நிறைய. 1970-இல் ஒரு வழக்கில் சொல்லி, 2017-இல் இன்னொரு வழக்கில் எடுத்தாளப்பட்ட அளவு அது. சட்டத்தில் அப்படி ஒரு விகிதம் கிடையாது.

எந்தச் சட்டத்தில் கேட்பது என்பதும் குழப்பும். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125 என்று எல்லாரும் சொல்லும் பிரிவு, 2024 ஜூலை 1 முதல், அதன் இடத்துக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (பி.என்.எஸ்.எஸ்.) சட்டத்தின் 144-ஆம் பிரிவு. எந்த மதத்தவரும் கேட்கலாம். விவாகரத்தான முஸ்லிம் பெண்ணுக்கும் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் உறுதி செய்தது. மனைவி இப்போது தாய்வீட்டில் இருந்தால் அந்த ஊரிலேயே போடலாம். இந்துத் திருமணச் சட்டத்தின் 24, 25 பிரிவுகளில் கணவனும் கேட்க முடியும். குடும்ப வன்முறைச் சட்டம் இன்னொரு வழி. ஒன்றுக்கு மேல் போடத் தடையில்லை. ஆனால் முதல் வழக்கின் உத்தரவை இரண்டாவதில் சொல்லியாக வேண்டும். அந்தத் தொகையைக் கழித்தோ சரிக்கட்டியோதான் அடுத்த உத்தரவு வரும். வக்கீல் வைக்க வசதியில்லாத பெண்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். பெண்களுக்கு அங்கே வருமான வரம்பு கிடையாது.

நம் ஊர்ப் பக்கம் நடக்கும் ஒரு தவறு மனதை அறுக்கிறது. பெரியவர்கள் கூடிப் பேசி, முத்திரைத்தாளில் ‘இருவரும் மனமொத்துப் பிரிந்து வாழ்கிறோம், இனி ஜீவனாம்சம் கேட்க மாட்டேன்’ என்று எழுதிக் கையெழுத்து வாங்குகிறார்கள். நோட்டரி முத்திரை விழுந்தாலும் அது விவாகரத்து ஆகாது. ஆனால் பரஸ்பரச் சம்மதத்தால் பிரிந்து வாழும் மனைவிக்கு 144-இல் ஜீவனாம்சம் இல்லை என்று சட்டம் சொல்கிறது. அந்தத் தாளைத்தான் எதிர்த்தரப்பு முதல் ஆதாரமாகக் குறியிடும். அழுத்தத்தில் போட்ட கையெழுத்து என்று நிரூபிக்க வருடக் கணக்கில் அலைய வேண்டிவரும். அடி, கொடுமை, வேறு பெண்ணோடு தொடர்பு என்று பிரிந்ததற்குக் காரணம் இருந்தால் அதை எழுதாத எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். பேச்சுவார்த்தை நடக்கட்டும் என்று மனுவையும் தள்ளிப் போடாதீர்கள். மனு தாக்கலான தேதியிலிருந்துதான் ஜீவனாம்சம் கணக்கிடப்படும். பேசிக் கழித்த மாதங்களுக்குப் பணம் வராது.

வாய்தாவுக்கு வராமல் இருந்தால் ஒருதலைப்பட்சமாக உத்தரவாகிவிடும். அதை நீக்கக் கேட்க மூன்று மாதம்தான் அவகாசம். வேலை போய்விட்டது, மனைவிக்கு வேலை கிடைத்துவிட்டது என்றால் தொகையை மாற்றக் கேட்டு பி.என்.எஸ்.எஸ். 146-இல் மனு போட வேண்டும். தானாகக் கட்டுவதை நிறுத்தினால் நிலுவைதான் ஏறும்.

உத்தரவு கையில் வந்தும் பணம் வராதவர்கள் ‘பார்ப்போம்’ என்று காத்திருப்பது ஆபத்து. தொகை சேர வேண்டிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் மனு போட்டால்தான் நிலுவையை வசூலிக்கும் வாரண்ட் கிடைக்கும். 30 மாதம் காத்திருந்தால் முதல் 18 மாத நிலுவைக்கு அந்த வழி அடைபடும். அந்தப் பணத்துக்கான உரிமையே போய்விடாது, வேறு வழியில் வசூலிக்கலாம் என்று தமிழ்நாட்டுத் தாய் ஒருவரின் வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனாலும் அது சுற்று வழி. பணம் கட்டாததற்காகக் கணவன் சிறைக்குப் போய் வந்தாலும் நிலுவை தீராது. ஒவ்வொரு மாதமும் எவ்வளவு வந்தது, எவ்வளவு வரவில்லை என்று தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நிலுவை பத்து மாதத்தைத் தொடும்போதே வசூல் மனுவைத் தயார் செய்துவிடுங்கள்.