நாய்க்குத் தோலில் கட்டியா? தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்

நாயைக் குளிப்பாட்டும்போதோ உண்ணி எடுக்கும்போதோ கையில் ஒரு கட்டி தட்டுப்படும். வீட்டில் ஆளாளுக்கு அழுத்திப் பார்ப்பார்கள். மெத்தென்று இருக்கிறது, வலிக்கிற மாதிரி தெரியவில்லை, நன்றாகச் சாப்பிடுகிறது, அப்படியானால் கொழுப்புக் கட்டிதான், விட்டுவிடலாம் என்று பேச்சு முடிந்துவிடும். தோல் கட்டி விஷயத்தில் நடக்கும் தவறுகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன. சிக்கல் என்னவென்றால் அந்த ஊகம் பல நேரம் சரியாகவே இருந்துவிடும், ஏனென்றால் வயதான நாய்களுக்கு, அதிலும் கொஞ்சம் உடம்பு போட்ட லாப்ரடார்களுக்கு, கொழுப்புக் கட்டி நிஜமாகவே சகஜம். பக்கத்து வீட்டு நாய்க்கும் அப்படித்தான் இருந்தது, ஒன்றும் ஆகவில்லை என்ற தைரியத்தில் விட்டுவைக்கிற கட்டிகளில் சில கொழுப்பாக இருப்பதில்லை.

மாஸ்ட் செல் கட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். மாஸ்ட் செல் என்பது அலர்ஜியின்போது வேலை செய்யும் ஒரு வகை நோய் எதிர்ப்புச் செல். நாய்களின் தோலில் வரும் புற்றுநோய்களில் அதிகம் காணப்படுவது இதுதான். பாக்ஸர், பக், லாப்ரடார், கோல்டன் ரிட்ரீவர் இனங்களில் கூடுதலாக வருகிறது, அதற்காக நாட்டு நாய்க்கு வராது என்று நினைக்க வேண்டாம். இதற்கென்று தனித் தோற்றம் கிடையாது. முடி கொட்டிச் சிவந்த பருவாக வரலாம், மரு மாதிரி வரலாம், ஆறாத புண்ணாக வரலாம், தோலுக்கு அடியில் உருண்டு கொழுப்புக் கட்டி போலவே விரலுக்குப் படலாம். எவ்வளவு அனுபவம் உள்ள மருத்துவராக இருந்தாலும் கையால் தொட்டு இது கொழுப்பு, இது மாஸ்ட் செல் என்று பிரித்துச் சொல்ல முடியாது. அப்படிச் சொன்னால் அது ஊகம் மட்டும்தான். "ஊசி வைத்துக் கொஞ்சம் எடுத்துப் பார்த்துவிடலாமா டாக்டர்?" என்று நீங்களே கேளுங்கள், அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

"போன வாரம் பெரிதாக இருந்தது, இப்போது சுருங்கிவிட்டது" என்று நிம்மதி அடைகிறவர்கள் நிறைய. மாஸ்ட் செல்களுக்குள் ஹிஸ்டமின் நிறைந்த துகள்கள் இருக்கின்றன. கட்டியைத் தேய்த்தாலோ, நாய் எதிலாவது இடித்துக்கொண்டாலோ அந்த ஹிஸ்டமின் வெளியே வந்து சுற்றியுள்ள இடம் சிவந்து வீங்கும், பிறகு தானாக வடியும். ஆகவே ஏறி இறங்கும் கட்டி என்பது சீக்கிரம் காட்ட வேண்டிய கட்டி. இதே ஹிஸ்டமின் ரத்தத்தில் கலந்து வயிற்றில் அமிலத்தை அதிகமாகச் சுரக்க வைக்கும், அதனால் குடலில் புண் வந்து வாந்தி, பசியின்மை, தார் மாதிரி கறுத்த மலம் எல்லாம் வரலாம். தோல் கட்டி வேறு, வயிற்றுக் கோளாறு வேறு என்று நினைத்து ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம். இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் மருத்துவருக்கு விஷயம் பிடிபடும்.

கட்டியைப் பிதுக்குவது, சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்துப் போடுவது, தொங்கும் மருவுக்கு நூலோ முடியோ கட்டி அறுந்து விழ விடுவது, இவை எதுவும் வேண்டாம். சுண்ணாம்பு தோலை வேகவைக்கும், நாய் அதை நக்கினால் வாயும் வெந்துபோகும். மாஸ்ட் செல் கட்டியைப் பிதுக்கினால் மேலே சொன்ன வீக்கம்தான் வரும். நூல் கட்டி விழுந்த சதையைக் குப்பையில் போட்டுவிடுவோம், அது என்ன கட்டி என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பும் அதோடு போய்விடும்.

சரி, எல்லாக் கட்டிக்கும் அன்றைக்கே ஓட வேண்டுமா? தடுப்பூசி போட்ட இடத்தில் சின்னதாக ஒரு முடிச்சு வந்து சில வாரங்களில் கரைவது உண்டு, உண்ணி கடித்த இடம் தடித்து அடங்குவதும் உண்டு. அமெரிக்காவில் சூ எட்டிங்கர் என்ற கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் பரப்பிய அளவுகோல் ஒன்று எனக்கு நல்ல வழிகாட்டியாகத் தோன்றுகிறது: கட்டி 1 சென்டிமீட்டரை, அதாவது ஒரு பட்டாணி அளவைத் தாண்டியிருந்தால், அல்லது 1 மாதமாக அப்படியே இருந்தால், ஊசி வைத்துச் சோதிக்க வேண்டும். வேகமாக வளர்ந்தால், ரத்தம் கசிந்தால், நாய் அதையே நக்கிக்கொண்டிருந்தால் அந்த ஒரு மாதமும் காத்திருக்கத் தேவையில்லை. கட்டியின் பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து போனில் படம் எடுத்துவையுங்கள். பிறகு பெரிதானதா இல்லையா என்று வீட்டில் வாதாட வேண்டி வராது.

எனக்கு உண்மையிலேயே கோபம் வரும் தவறு, சோதனைக்கு முன்பே ஸ்டீராய்டு கொடுப்பது. கட்டி சிவந்திருக்கிறது, அரிக்கிறது, அலர்ஜியாக இருக்கலாம் என்று பிரெட்னிசோலோன் மாத்திரையோ ஊசியோ போட்டுவிடுவார்கள், சிலர் பழைய சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் தாங்களே வாங்கிவிடுவார்கள். மாஸ்ட் செல் கட்டியும், நிணநீர்ச் செல்களில் வரும் புற்றுநோயான லிம்ஃபோமாவும் ஸ்டீராய்டுக்குக் கொஞ்ச நாள் சுருங்கும். நாய் சுறுசுறுப்பாகத் தெரியும், வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். உள்ளே நோய் அப்படியேதான் இருக்கும். அதற்குப் பிறகு எடுக்கும் மாதிரியில் செல்கள் சரியாகக் கிடைக்காமல் முடிவு குழம்பும், லிம்ஃபோமாவாக இருந்தால் பின்னால் கொடுக்கும் கீமோ மருந்துகளும் சரியாக வேலை செய்யாமல் போகலாம். முதலில் மாதிரி, அப்புறம் மாத்திரை, இந்த வரிசை மாறவே கூடாது.

ஊசிச் சோதனை என்றதும் பயப்படுகிறார்கள். எஃப்என்ஏசி என்று சீட்டில் எழுதுவது இதைத்தான். 22 அல்லது 23 கேஜ் ஊசி, அதாவது தடுப்பூசிக்குப் பயன்படும் அளவுதான். அதைக் கட்டிக்குள் செலுத்தி சில திசைகளில் நகர்த்தி, உள்ளே ஏறிய செல்களை ஸ்லைடில் பீய்ச்சிப் பரப்பி, சாயமிட்டு மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். பெரும்பாலும் மயக்க மருந்து தேவைப்படாது, சில நிமிடங்களில் முடிந்துவிடும். கொழுப்புக் கட்டியாக இருந்தால் ஸ்லைடில் எண்ணெய்த் துளிகள் நிற்கும், காயவே காயாது. மாஸ்ட் செல் என்றால் ஊதா நிறத் துகள்கள் அடைத்த வட்டமான செல்கள் தெரியும். "ஊசி குத்தினால் கேன்சர் பரவிவிடும்" என்று சொல்லிச் சிலர் தடுத்துவிடுகிறார்கள். சிறுநீர்ப்பையில் வரும் ஒரு வகைக் கட்டியில் ஊசி போன பாதையில் நோய் பரவியது உண்டு, அதனால் அங்கே மருத்துவர்கள் தவிர்ப்பார்கள். தோல் கட்டியில் அப்படி நடப்பது மிக மிக அரிது. அந்தப் பயத்தில் சோதனையைத் தள்ளிப்போட்டால் வளர்வது கட்டிதான்.

அதே சமயம் ஊசிச் சோதனைக்கும் எல்லை இருக்கிறது, அதை மறந்தாலும் தவறுதான். தோலுக்கு அடியில் உள்ள மென்மையான திசுக்களில் வரும் மென்திசு சார்கோமா என்ற புற்றுநோய் வகையில் செல்கள் ஒன்றோடொன்று இறுகிப் பிணைந்திருக்கும், ஊசியில் எளிதில் வராது. வெறும் ரத்தம் மட்டும் வந்தது என்றால் "ஒன்றுமில்லை" என்று அர்த்தம் இல்லை, மாதிரி போதவில்லை என்றுதான் அர்த்தம். மறுபடி எடுக்க வேண்டும், அப்போதும் வராவிட்டால் சின்னதாகச் சதை எடுத்து பயாப்சிக்கு அனுப்ப வேண்டும். கட்டியைச் சுற்றியுள்ள சாதாரணக் கொழுப்பில் ஊசி போய்விட்டாலும் முடிவு கொழுப்பு என்றுதான் வரும், ஆகவே கட்டி கெட்டியாகவும் அடிச்சதையோடு ஒட்டியும் இருக்கும்போது அந்த முடிவை அப்படியே நம்ப வேண்டாம். உடம்பில் ஆறு கட்டி இருந்தால் ஒன்றைச் சோதித்துவிட்டு மற்றதும் அதேதான் என்று முடிவு கட்டுவதும் கூடாது, ஒவ்வொன்றிலும் தனித்தனியாக எடுக்க வேண்டும். எந்த ஸ்லைடு எந்தக் கட்டி என்று எழுதச் சொல்லுங்கள்.

"ரத்தப் பரிசோதனை நார்மல், அதனால் கேன்சர் இல்லை" என்பதும் அடிக்கடி காதில் விழுகிறது. தோல் கட்டி என்ன வகை என்று சாதாரண ரத்தப் பரிசோதனை சொல்லாது. மயக்க மருந்தை நாய் தாங்குமா, ஈரலும் சிறுநீரகமும் எப்படி இருக்கின்றன என்று பார்க்கத்தான் அது. மார்பு எக்ஸ்ரேயும் வயிற்று ஸ்கேனும் நோய் பரவியிருக்கிறதா என்று பார்ப்பதற்கு. கெட்ட கட்டி என்று தெரிந்துவிட்டால் அந்தப் பக்கத்து நெறியிலிருந்தும் (நிணநீர் முடிச்சு), அது வீங்காமல் இருந்தாலும்கூட, ஊசியால் மாதிரி எடுப்பது நல்லது. அளவில் சாதாரணமாகத் தெரியும் நிணநீர் முடிச்சிலும் மாஸ்ட் செல்கள் போய் உட்கார்ந்திருப்பது உண்டு.

இன்னொரு பக்கம் அவசரக்காரர்கள். எதற்குச் சோதனை, நேராக ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாமே என்பார்கள். எவ்வளவு அகலமாக வெட்ட வேண்டும் என்பது அது என்ன கட்டி என்பதைப் பொறுத்தது. கொழுப்புக் கட்டியை ஒட்டி எடுத்தால் போதும். மாஸ்ட் செல் கட்டிக்குச் சுற்றிலும் 2 முதல் 3 சென்டிமீட்டர் நல்ல தோலையும், அடியில் ஒரு படலத்தையும் சேர்த்து எடுப்பது வழக்கம். சார்கோமா இன்னும் ஏமாற்றும்: சுற்றி உறை போட்ட மாதிரி அழகாகப் பிரிந்து வரும், பார்ப்பவருக்கு முழுசாக வந்துவிட்டது என்றே தோன்றும். அந்த உறையே நசுங்கிய கட்டிச் செல்களால் ஆனது, அதை ஒட்டி எடுத்தால் மிச்சம் உள்ளே தங்கி மீண்டும் வளரும். முதல் ஆபரேஷன்தான் முழுசாக எடுக்கக் கிடைக்கும் நல்ல வாய்ப்பு, இரண்டாவது முறை தழும்பையும் சேர்த்து வெட்ட வேண்டும், காலில் இருந்தால் மூடுவதற்குத் தோலே போதாது.

எடுத்த கட்டியைத் தூக்கிப் போடுவது இந்த வரிசையிலேயே பெரிய நஷ்டம். ஊசிச் சோதனை பெயரைச் சொல்லும், ஆனால் எவ்வளவு தீவிரமானது, ஓரங்களில் மிச்சம் இருக்கிறதா என்பதைத் திசுப் பரிசோதனைதான் சொல்லும். மாஸ்ட் செல் அறிக்கையில் 1984-ல் வந்த மூன்று நிலை முறையும் 2011-ல் வந்த இரண்டு நிலை முறையும் பெரும்பாலும் சேர்ந்தே இருக்கும், அடுத்து மருந்து வேண்டுமா வேண்டாமா என்பது அதை வைத்துத்தான். கட்டி 10 சதவீத ஃபார்மலினில், சதையின் அளவைப் போல 10 மடங்கு திரவத்தில் மிதக்க வேண்டும். சின்ன பாட்டிலில் திணித்தால் நடுப்பகுதி அழுகிப்போகும். ஒரு துண்டை மட்டும் வெட்டி அனுப்பினால் ஓரத்தைப் பற்றி யாரும் எதுவும் சொல்ல முடியாது. ஊசி எடுத்த ஸ்லைடுகளை ஃபார்மலின் பாட்டிலோடு ஒரே பையில் போடவும் கூடாது, அந்த ஆவி பட்டாலே சாயம் சரியாகப் பிடிக்காது. உள்ளூரில் வசதி இல்லாவிட்டால் சென்னை வேப்பேரி, நாமக்கல் போன்ற இடங்களில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிகளை விசாரித்துப் பாருங்கள்.

பயந்துபோய் அதிகமாகச் செய்வதும் நடக்கிறது. மூன்று நான்கு வயதுக்கு உட்பட்ட நாயின் முகத்திலோ காதிலோ காலிலோ பட்டன் மாதிரி சிவப்பாக ஒரு கட்டி திடீரென்று முளைத்தால் அது ஹிஸ்டியோசைட்டோமா என்ற கெடுதல் இல்லாத கட்டியாக இருக்க வாய்ப்பு அதிகம். மேலே புண்ணாகிப் பார்க்கவே பயமாக இருக்கும், ஆனால் பெரும்பாலும் இரண்டு மூன்று மாதத்தில் தானாகவே மறைந்துவிடும். குட்டிகளின் வாயில் வரும் வைரஸ் மருக்களும் அப்படித்தான். இதையும் ஊசி வைத்து உறுதி செய்துகொண்டுதான் காத்திருக்க வேண்டும், ஏனென்றால் இளம் நாய்க்கும் மாஸ்ட் செல் வரும்.

தெருநாய்களுக்குச் சோறு வைப்பவர்கள் டிவிடி (TVT) என்ற கட்டியைக் கட்டாயம் தெரிந்துவைத்திருக்க வேண்டும். இனச்சேர்க்கையின்போதும் நக்குவதாலும் கட்டியின் செல்களே ஒரு நாயிடமிருந்து இன்னொரு நாய்க்குத் தாவி வளரும் புற்றுநோய் இது. 2019-ல் வெளிவந்த மரபணு ஆய்வின்படி 4,000 முதல் 8,500 ஆண்டுகளுக்கு முன் ஒரே ஒரு நாயிடம் தோன்றி இன்றுவரை உயிரோடு பரவிக்கொண்டிருக்கிறது. பிறப்புறுப்பில் பூக்கோசு மாதிரி சதை தெரியும், சில சமயம் மூக்கிலும் தோலிலும் வரும். பெட்டை நாய்க்கு ரத்தம் சொட்டினால் பருவம் வந்திருக்கிறது என்றும், ஆண் நாய்க்குச் சொட்டினால் சிறுநீர்த் தொற்று என்றும் நினைத்து வாரக்கணக்கில் ஆன்டிபயாடிக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். ஒரு ஸ்லைடு எடுத்தால் அன்றைக்கே தெரிந்துவிடும். வாரம் ஒரு முறை வின்கிறிஸ்டின் என்ற கீமோ ஊசி, பொதுவாக நான்கு முதல் எட்டு வாரம், பெரும்பாலான நாய்கள் முழுசாகக் குணமாகிவிடும். குணமாகும் நாயைக் கேன்சர் என்ற ஒரு சொல்லுக்காகக் கைவிடுவதைப் பார்க்கத்தான் மனசு ஆறுவதில்லை. இரண்டு ஊசியில் கட்டி சுருங்கிவிட்டது என்று பாதியில் நிறுத்துவதும் தவறு. மனிதர்களுக்கு இது தொற்றாது.

கண்ணில் படாத இடங்கள் சில உண்டு. ஒரே ஒரு விரல் வீங்கி நகம் விழுந்தால் நகச்சுத்தி என்றே மாதக்கணக்கில் மருந்து போடுவார்கள். ஆறவில்லை என்றால் எக்ஸ்ரேயும் பயாப்சியும் கேளுங்கள், நகத்தடியிலும் வாயிலும் வரும் மெலனோமா (நிறமிச் செல்களில் வரும் கட்டி), முடி உள்ள தோலில் வருவதைவிடப் பொல்லாதது. வெள்ளை முடியும் வெளிர் தோலும் உள்ள நாய் வெயிலில் மல்லாந்து படுக்கும் பழக்கம் உள்ளதா, அதன் அடிவயிற்றில் ஆறாத சொறியைத் தோல் நோய் என்று விட்டுவிடாதீர்கள். கருத்தடை செய்யாத பெட்டையின் மடியில் வரும் கட்டிகளில் ஏறக்குறைய பாதி கெட்டவை, அங்கே ஊசிச் சோதனையை மட்டும் நம்ப முடியாது, எடுத்துத் திசுப் பரிசோதனைக்கு அனுப்பத்தான் வேண்டும்.

அறிக்கை வந்ததும் பெயரை மட்டும் படித்துவிட்டு மடித்து வைக்காதீர்கள். ஓரங்கள் சுத்தமா, எத்தனை மில்லிமீட்டர் இடைவெளி, என்ன நிலை என்று மருத்துவரிடம் உட்கார்ந்து கேளுங்கள். ஓரத்தில் செல்கள் இருக்கின்றன என்று எழுதியிருந்தால் மீண்டும் வளரட்டும் பார்க்கலாம் என்று இருக்க வேண்டாம், மறு ஆபரேஷனா வேறு சிகிச்சையா என்பதை அப்போதே முடிவு செய்ய வேண்டும். அறிக்கையை போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தையல் தழும்பின் பக்கத்தில் புதிதாக ஏதாவது தட்டுப்பட்டால் அந்தப் படத்தையும் நாயையும் கூட்டிக்கொண்டு போய், திரும்பவும் ஊசியிலிருந்தே தொடங்கச் சொல்லுங்கள்.