மழைக்காட்டில் முதல் பயணம்: வழிகாட்டியுடன் விலங்குகளையும் பறவைகளையும் பார்ப்பது எப்படி?

வெப்பமண்டல மழைக்காட்டுக்குள் முதல்முறை நுழைகிறவர்கள் பெரும்பாலும் ஏமாந்துபோகிறார்கள். எங்கு திரும்பினாலும் பச்சை, எங்கிருந்தோ ஒரு குரல், அவ்வளவுதான். புல்வெளியில் மான் கூட்டம் நிற்பதுபோல் இங்கே எதுவும் கண்முன் வந்து நிற்காது. பறவைகளில் பாதி தலைக்கு மேலே இலைக்கூரையில் இருக்கும். பாலூட்டிகளில் பல இருட்டிய பிறகுதான் அசையும். என் முதல் பயணத்தின் முதல் நாளில் நான் வெறும் இலைகளைத்தான் பார்த்தேன். நான்காம் நாள் அதே பாதையில் அரைமணி நேரத்தில் பதினொரு வகைப் பறவைகள் தெரிந்தன. காடு மாறவில்லை, என் கண் பழகியிருந்தது. அப்படிக் கண்ணைப் பழக்கும் வழியைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

படி 1: விலங்கை வைத்து இடத்தையும் மாதத்தையும் முடிவு செய்யுங்கள்

"எங்கே போகலாம்" என்று தொடங்காமல், "எதைப் பார்க்க ஆசை" என்று தொடங்குங்கள். ஜாகுவாரைப் பார்க்க ஆசையென்றால் பிரேசிலின் பான்டனால் சதுப்பு நிலம். அதுவும் ஜூலை முதல் அக்டோபர் வரையான வறண்ட காலம். நீர் வற்றி ஆற்றோரங்கள் வெளிப்படும்போது, இரை தேடி அது கரைக்கு வரும். நீள்மூக்குக் குரங்கு என்றால் போர்னியோ தீவில் சபா மாநிலத்தின் கினபத்தாங்கான் ஆறு. மாலையில் அவை ஆற்றங்கரை மரங்களுக்கு உறங்க வரும். படகில் அமர்ந்தபடியே பார்க்கலாம். பஞ்சவர்ணக்கிளிகள் கூட்டமாக வந்து களிமண் தின்னும் காட்சிக்குப் பெரு நாட்டின் தம்போபாத்தா காட்டுப் பகுதி. பழங்களிலும் விதைகளிலும் கிடைக்காத சோடியம் அந்த மண்ணில் இருக்கிறது.

ஒரே பயணத்தில் ஐந்து இடங்களை அடைத்துவிடாதீர்கள். ஓரிடத்தில் மூன்று இரவுகளாவது தங்குங்கள். மழை ஒரு நாளை எடுத்துக்கொள்ளும் என்று முன்பே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: பணம் கட்டும் முன் நான்கு கேள்விகள் கேளுங்கள்

குழுவில் எத்தனை பேர்? ஒற்றையடிப் பாதையில் எட்டுப் பேருக்கு மேல் நடந்தால், பின்னால் வருபவருக்குப் பறவை பறந்த கிளைதான் மிஞ்சும். இரவு நடை உண்டா? வழிகாட்டி அந்தக் காட்டிலேயே பல பருவங்கள் பார்த்தவரா? பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவைகளை வரவழைப்பாரா?

கடைசிக் கேள்விக்கு வரும் பதிலை வைத்தே ஆளை எடைபோடலாம். கூடு கட்டும் காலத்தில் திரும்பத் திரும்ப அப்படிச் செய்தால், எல்லைக்குள் எதிரி வந்துவிட்டதாக நினைத்துப் பறவை அலையும். முட்டையும் குஞ்சும் காவலின்றிக் கிடக்கும். "அதிகம் செய்வதில்லை, காத்திருப்போம்" என்று சொல்பவரை நம்பிப் போகலாம்.

படி 3: பைனாகுலரை வீட்டிலேயே பழகுங்கள்

புதியவர்களுக்கு 8×42 போதும். 8 என்பது உருப்பெருக்கம். 42 என்பது முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். இன்னும் பெரிதாகக் காட்டும் 12 மடங்குக் கருவியை வாங்காதீர்கள். கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும், பார்வைப் பரப்பு குறுகும். மழைக்காட்டின் உள்ளே பகலிலும் வெளிச்சம் குறைவு என்பதால் முன்கண்ணாடி அகலமாக இருப்பது முக்கியம்.

முதலில் இடக்கண்ணுக்கு நடுத் திருகால் தெளிவு கொண்டுவாருங்கள். பிறகு வலக்கண் பக்கத்து வளையத்தைத் திருப்பி அந்தக் கண்ணுக்குச் சரிசெய்யுங்கள். பலர் இந்த வளையத்தைத் தொடுவதே இல்லை. மங்கலாகத் தெரிகிறதென்று கருவியைக் குறை சொல்கிறார்கள்.

அடுத்து, தினமும் பத்து நிமிடப் பயிற்சி. தொலைவில் ஓர் இலையை வெறும் கண்ணால் பாருங்கள். பார்வையை விலக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்கு உயர்த்துங்கள். இலை நேராகக் கருவிக்குள் வந்து விழ வேண்டும். குனிந்து கருவியைப் பார்த்துவிட்டு மீண்டும் மரத்தைத் தேடினால் அதற்குள் பறவை போயிருக்கும். பயணத்துக்கு முன் நீங்கள் செய்யும் வேலைகளில் மிகுந்த பலன் தருவது இதுதான்.

படி 4: பையும் உடலும்

மங்கிய நிறத்தில் முழுக்கைச் சட்டை, அட்டைக் கடிக்கு நெருக்கமாக நெய்த நீண்ட காலுறை, மழையுறை. கொசு விரட்டியில் டீட் (DEET) என்ற வேதிப்பொருள் இருந்தால் கையைத் துடைத்துவிட்டுக் கருவியைத் தொடுங்கள். அது சில பிளாஸ்டிக்குகளை அரித்துவிடும். குளிர்சாதன அறையிலிருந்து வெளியே வந்ததும் கண்ணாடியில் நீர் படியும். அதனால் கிளம்புவதற்கு அரைமணி நேரம் முன்பே பைனாகுலரையும் கேமராவையும் வெளியே வைத்துவிடுங்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்கும் நாடுகள் உண்டு. ஊசி போட்ட 10 நாட்களுக்குப் பிறகே அது செல்லுபடியாகும். மலேரியா பற்றியும் மருத்துவரிடம் அப்போதே கேட்டுவிடுங்கள்.

படி 5: விடியலில் நில்லுங்கள், நடக்காதீர்கள்

நிலநடுக்கோட்டுக்கு அருகே சூரியன் ஆறு மணியை ஒட்டி எழும்; விடியல் சட்டென்று முடிந்துவிடும். அந்த நேரத்தில் நீங்கள் ஏற்கெனவே காட்டோரத்தில் நிற்க வேண்டும். பழுத்த அத்தி மரம் ஒன்றை வழிகாட்டி காட்டினால் அதன் கீழே தங்கிவிடுங்கள். ஆசியக் காடுகளில் இருவாச்சி, குக்குறுவான், பச்சைப்புறா, கிப்பன் குரங்கு எல்லாம் ஒரே மரத்துக்கு வரும்.

நெடுநேரம் எதுவும் இல்லாமல் இருந்துவிட்டு, திடீரென்று மரமெங்கும் சிறகசைவு தோன்றும். பல இனப் பறவைகள் சேர்ந்து பூச்சி பிடித்துக்கொண்டே நகரும் கலப்புக் கூட்டம் அது. அப்போது எல்லாவற்றையும் பார்க்க முயன்றால் எதுவும் நிற்காது. ஒன்றைப் பிடித்துக்கொண்டு, அதன் அலகையும் வாலையும் முழுதாகப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

வழிகாட்டி இடம் சொல்லும் முறையைப் பழகிக்கொள்ளுங்கள். மரத்தைக் கடிகார முகமாக நினைத்து, "இரண்டு மணி திசையில், முறிந்த கிளைக்கு இடப்பக்கம்" என்பார். கை நீட்டிக் காட்டாதீர்கள். அந்த அசைவே பறவையைக் கலைத்துவிடும். தீக்காக்கை (ட்ரோகன்) போன்ற பறவைகள் அசையாமல் அமர்ந்திருக்கும். முதுகைக் காட்டி அமர்ந்தால் பளிச்சென்ற வயிறு மறைந்துவிடும். அதைக் கண்டுபிடிக்கப் பொறுமை ஒன்றே வழி.

மனிதக் குரங்குகளைப் பார்க்கும்போது சளியோ இருமலோ இருந்தால் அன்று போகாதீர்கள். நம் சுவாச நோய்கள் அவற்றுக்கும் தொற்றும், கொல்லவும் கூடும். இதில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை.

படி 6: இரவு நடை

டார்ச்சைக் கண் உயரத்தில் பிடியுங்கள். இரவு விலங்குகள் பலவற்றின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் இருக்கிறது. அந்த ஒளி விளக்கை நோக்கியே திரும்புவதால், கண்ணுக்கு அருகில் பிடித்தவருக்கே தெரியும். தரையில் மின்னும் சிறு புள்ளிகள் பெரும்பாலும் சிலந்திகள். கிளையில் இரட்டையாய்ச் சிவந்து நின்றால் தேவாங்காக இருக்கலாம்; மெதுவாக வழிகாட்டியின் தோளைத் தொட்டுச் சொல்லுங்கள். பார்த்ததும் வெளிச்சத்தை ஓரமாக நகர்த்துங்கள், அல்லது சிவப்பு விளக்குக்கு மாற்றுங்கள்.

படி 7: நோட்டுப் புத்தகம்

இரவு உணவுக்கு முன், கையேட்டைத் திறப்பதற்கும் முன், பார்த்ததை எழுதுங்கள்: அளவு, அலகின் வடிவம், மரத்தில் எந்த உயரம், என்ன செய்துகொண்டிருந்தது. படத்தைப் பார்த்துவிட்டு எழுதினால் படத்தில் இருப்பதையே எழுதுவோம். பெயர் தெரியாதவற்றுக்குக் கேள்விக்குறி போட்டு, மறுநாள் காலை வழிகாட்டியிடம் அந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.