குடியை நிறுத்த வீட்டில் பூட்டி வைக்காதீர்கள், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்

உங்கள் வீட்டில் தினமும் குடிக்கிறவர், காலையில் டீ டம்ளரை ஒரு கையால் பிடிக்க முடியாமல் இரண்டு கையாலும் பிடித்து, குனிந்து உறிஞ்சுகிறாரா? ஒரு கட்டிங் உள்ளே போனதும் அந்த நடுக்கம் நின்றுவிடுகிறதா? அப்படியானால் அது கெட்ட பழக்கம் என்ற கட்டத்தைத் தாண்டி நோயாகிவிட்டது. ஒரு குவார்ட்டரில் மட்டும் கிட்டத்தட்ட 60 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கிறது, தினமும் அதைத் தாங்கிப் பழகிய உடம்பு அது.

நம் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் கோயிலில் கயிறு கட்டியோ, கார்த்திகையில் மாலை போட்டோ ஒரே நாளில் நிறுத்துகிறார்கள். நல்ல மனசுதான், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் இந்த அளவுக்குக் குடிக்கிறவருக்கு நிறுத்திய சில மணி நேரத்திலேயே நடுக்கமும் வியர்வையும் தொடங்கும், இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், இரண்டு மூன்று நாளில் சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், பெற்ற பிள்ளையையே யார் என்று கேட்பார். காத்து கருப்பு என்று மந்திரிக்கத் தூக்கிக்கொண்டு ஓடுவது அப்போதுதான். தயவுசெய்து வேண்டாம், உயிர் போகிற கட்டம் அது, 108-ஐக் கூப்பிடுங்கள். ரத்த வாந்தி, கருப்பாக மலம் போவது, மஞ்சள் கண்ணோடு குழப்பம், எது வந்தாலும் உடனே 108தான்.

அந்த நிலைக்கு முன்பே தர்மபுரி அல்லது கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு போட்டு, மனநலப் பிரிவு என்று கேளுங்கள். பைத்தியம் என்று ஊர் சொல்லுமே என்று தயங்க வேண்டாம், இதற்கான டாக்டர் அங்கேதான் இருக்கிறார். தினம் எவ்வளவு, கடைசியாகக் குடித்தது எப்போது, முன்பு வலிப்பு வந்ததா, சுகர் மாத்திரை சாப்பிடுகிறாரா, எதையும் மறைக்காமல் சொல்லுங்கள். நடுக்கத்துக்கு மாத்திரை கொடுத்துச் சில நாளில் படிப்படியாகக் குறைப்பார்கள், தயமின் என்கிற பி1 வைட்டமின் ஊசியும் போடுவார்கள், அது குறைந்தால் மூளையே பாதிக்கும். ஓசூர்க்காரர்களுக்குப் பெங்களூரு நிமான்ஸ் என்கிற மத்திய அரசு மனநல மருத்துவமனை பக்கம், அங்கே போதை சிகிச்சைக்கென்றே தனிப் பிரிவு உண்டு.

அப்புறம், குழம்பில் கலக்கச் சொல்லித் தருகிற மாத்திரை. டைசல்ஃபிராம் என்கிற மருந்தைத் தெரியாமல் கொடுத்து, அதற்கு மேல் அவர் குடித்தால் நெஞ்சு படபடத்து, பிரஷர் இறங்கி ஆளே போகலாம். அவர் சம்மதத்தோடு, டாக்டர் சொன்னால் மட்டும்தான் அதைத் தொட வேண்டும்.

தனியார் மறுவாழ்வு மையம் என்றால் முன்பணம் கட்டுவதற்கு முன் மாநில மனநல ஆணைய உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். ஆளைச் சங்கிலியில் கட்டி வைப்பது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி குற்றம்.

அவர் வர மறுத்தால் நீங்கள் மட்டுமாவது டெலி மனஸ் என்கிற அரசு மனநல உதவி எண் 14416-க்குப் பேசுங்கள், இலவசம், தமிழிலேயே பேசலாம். சிகிச்சைக்குப் பிறகு சம்பள நாளில் மறுபடி குடித்துவிட்டு வந்தால் சண்டை போடாமல், அடுத்த ஓ.பி. நாளிலேயே பழைய சீட்டோடு அதே டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.