டிவிடியில் எழுதி வைத்தது வருடங்கள் கழித்தும் ஓட வேண்டுமா?

கல்யாண வீடியோவோ பழைய போட்டோக்களோ டிஸ்க்கில் போட்டு வைப்பதாக இருந்தால், முதலில் ஆர்டபிள்யூ வகையைத் தொடாதீர்கள், அது அழித்து அழித்து எழுதுவதற்கானது, கைதவறி அழிந்தும் போகும். ஒரே முறை எழுதும் ஆர் வகைதான் வேண்டும். அதில் ஒரு சாய அடுக்கு இருக்கிறது, லேசர் அதைச் சுட்டுத்தான் தகவலைப் பதிக்கிறது. வெயிலும் சூடும் கெடுப்பதும் அந்தச் சாயத்தைத்தான். சாயமே இல்லாமல் வேண்டுமென்றால் எம்-டிஸ்க் என்ற வகை இருக்கிறது, விலை அதிகம், அதன் டிவிடி வகையில் எழுத அதற்கேற்ற ரைட்டரும் தேவை. புளூரேயில் எல்டிஎச் என்று போட்டிருந்தால் அது சாய வகை, விட்டுவிடுங்கள்.

மெதுவாக எழுதினால்தான் நிற்கும் என்று எல்லாரும் சொல்வார்கள், பாதிதான் உண்மை. எக்ஸ் என்பது எழுதும் வேகம்; 16எக்ஸ் டிவிடியை முழு வேகத்தில் எழுத வேண்டாம், சரி, ஆனால் 2எக்ஸுக்கு இறக்குவதிலும் லாபமில்லை, அந்தச் சாயம் அவ்வளவு நிதானத்துக்காகச் செய்யப்பட்டதல்ல, சில சமயம் பிழைகள் கூடவே செய்யும். 8எக்ஸ் போதும். 4.7 ஜிபியையும் விளிம்பு வரை நிரப்பாதீர்கள். எழுதுவது நடுவிலிருந்து வெளியே போகிறது, முதலில் தகராறு செய்வது பெரும்பாலும் அந்த வெளி விளிம்புதான். எழுதி முடித்ததும் வெரிஃபை செய்யுங்கள், அதாவது எல்லாம் சரியாகப் பதிந்ததா என்று சரிபாருங்கள், அப்புறம் வேறொரு டிரைவிலும் போட்டுப் பாருங்கள்.

பளபளக்கும் பக்கத்தைப் பொத்திப் பொத்தி வைத்துவிட்டு மேல்பக்கத்தில் பால்பாயின்ட் பேனாவால் பெயர் எழுதுகிறவர்கள்தான் அதிகம். சிடியில் தகவல் இருப்பது அந்த மேல்பக்கத்தை ஒட்டித்தான், நடுவே மெல்லிய அரக்குப் பூச்சு மட்டும். அங்கே விழும் கீறல் நேரே தகவலில் விழுந்தது மாதிரி. டிவிடியில் தகவல் இரண்டு 0.6 மி.மீ. தகடுகளுக்கு நடுவே இருப்பதால் கொஞ்சம் தப்பிக்கும், ஆனால் பெட்டியிலிருந்து வளைத்து எடுத்தால் ஒட்டு விடும், நடுக் குமிழை அழுத்தி எடுங்கள். ஸ்டிக்கர் வேண்டவே வேண்டாம். சிடி மார்க்கரால் நடுத் துளையைச் சுற்றியுள்ள கண்ணாடி வளையத்தில் எழுதினால் கவலையில்லை.

பெட்டியில் போட்டு நிமிர்த்தி, இருட்டான பீரோவில் வையுங்கள், மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் பரணில் மட்டும் வேண்டாம், சித்திரை வெயிலில் அங்கே கை வைக்க முடியாது. கடலோர ஊர் என்றால் சிலிக்கா ஜெல் பொட்டலமும் போட்டு மூடுங்கள். துடைக்க வேண்டி வந்தால் மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராக, சுற்றிச் சுற்றி அல்ல.

இரண்டு பிரதி, முடிந்தால் வெவ்வேறு கம்பெனி டிஸ்க்கில், ஒன்று அக்கா வீட்டில். ஓரிரு வருடத்துக்கு ஒருமுறை முழுதாகக் காப்பி எடுத்துப் பாருங்கள், ஓரிடத்தில் டிரைவ் திணறினால் அன்றைக்கே புது டிஸ்க்குக்கு மாற்றுங்கள். படிக்கவே மறுத்தாலும் உடனே குப்பையில் போட்டுவிடாதீர்கள், ஒரு டிரைவ் கைவிட்டதை இன்னொன்று சாதாரணமாகப் படித்துவிடும்.